ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு இரண்டு நடை: ஒரு மேஸ்திரியின் வேலை

வட சென்னையில், ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் குட்டியானை எனப்படும் சிறிய சரக்கு வண்டிகள் நிற்கும் வரிசையில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். ஒரு வண்டி, அவரோடு சேர்த்து நான்கு ஆட்கள். பெயர்ப்பலகை கிடையாது, ரசீதும் கிடையாது. ஆவணி முதல் வாரம் புதன்கிழமை எங்கள் வீட்டுச் சாமான்களை ராயபுரத்திலிருந்து காலடிப்பேட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அவருடைய வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்று இரவே தோன்றியது. ஆனாலும் இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. உரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் 31 ஆண்டுகளாக டாலி கிளார்க். முதலில் துறைமுகத்தில், இப்போது மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில். ஏறும் சரக்கையும் இறங்கும் சரக்கையும் எண்ணி எழுதுவதுதான் என் வேலை. எண்ணுகிறவன் சும்மா எண்ண முடியாது. எதன் மேல் எதை வைத்தார்கள், சரக்கு உரசாமல் இடையில் செருகும் டன்னேஜ் கட்டை கொடுத்தார்களா, லாஷிங் என்ற கட்டு இறுக்கமாக இருக்கிறதா, வழியில் பிரேக் அடித்தால் எது சரியும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. சாமான் ஏற்றும் வேலையில் எது நல்லது, எது ஒப்பேற்றல் என்று எனக்குத் தெரியும். அந்தத் தகுதியோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் ஏற்பாடு செய்தது இவரை அல்ல. தொலைபேசியில் பதிவு செய்யும் ஒரு பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம். "ஒரு படுக்கையறையா, இரண்டா? எந்த மாடி?" என்று இரண்டே கேள்வி கேட்டு 9,000 ரூபாய் என்றார்கள். முன்பணம் 1,000 வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். வந்த இருவரும் எங்கள் மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் யாருக்கோ போன் செய்தார். பிறகு 14,500 என்றார். படிக்குத் தனி, பீரோவுக்குத் தனி, தெருவுக்குள் பெரிய வண்டி வராததால் நடந்து தூக்குவதற்குத் தனி. முடியாது என்றோம். போய்விட்டார்கள். முன்பணம் இன்னும் வரவில்லை. கேட்டால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போடுகிறார்கள்.

பணம் போனது வருத்தம்தான். ஆனால் என்னை உறுத்தியது வேறு. ஒரு குடும்பத்தின் சாமான்களைத் தூக்கப் போகிறவர்கள், அந்த வீட்டின் படி எத்தனை அடி அகலம் என்று ஒரு முறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. 'ஒரு படுக்கையறை' என்ற இரண்டு சொல்லுக்குள் நாங்கள் அங்கே வாழ்ந்த பத்தொன்பது வருடத்தை அடைத்துவிட்டார்கள். கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவே அன்று இரவு நாங்கள் பாய் விரித்துப் படுத்தோம். தட்டு எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியாமல் தினத்தாளின் மேல் வைத்து இட்லி சாப்பிட்டோம்.

ஆவணி பிறந்த வாரம் என்பதால் வேறு வண்டி கிடைப்பதும் கடினமாக இருந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். புரட்டாசியும் ஆகாது என்பார்கள். இடையில் கிடைக்கும் ஆவணியில்தான் ஊரே மூட்டை கட்டுகிறது. எங்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் அடுத்த குடித்தனத்துக்குச் சாவி கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். (அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்க என்று பிடித்துக்கொண்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. எங்கள் பழைய ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். புதிய வீட்டில் மூன்றே மாதம் என்று கேட்டு எழுதி வாங்கினேன்.)

கல்மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது கிடைத்தவர்தான் இந்த மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். கூலி எவ்வளவு என்று கேட்டேன். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணா" என்றார். செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கயிறு, சாண் இடைவெளியில் முடிச்சுகள். அதுதான் அவருடைய அளவுகோல்.

பீரோவை அளந்தார். ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம். படியை அளந்தார். திரும்பும் இடத்தில் நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் பீரோவைத் தழுவுகிறவர்போல விரித்து மெல்லத் திரும்பிப் பார்த்தார். கீழே போய் வெறும் வண்டித் தட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மீண்டும் மேலே வந்து பீரோ கதவில் இருந்த பழைய நசுங்கலைத் தடவினார். "இதைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாகத்தான் ஏற்றினார்களா?" என்றார். உண்மைதான். 2006இல் குடிவந்தபோது படியில் ஏறாது என்று சொல்லி மொட்டைமாடிச் சுவர் வழியாகக் கயிற்றில் இழுத்தார்கள். சுவரில் மோதி நசுங்கியது. என் மனைவி பத்தொன்பது வருடமும் அந்தக் கதவில் நாள்காட்டி மாட்டி அதை மறைத்துவைத்திருந்தாள். "படியிலேயே இறங்கும். இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது" என்றார் மேஸ்திரி.

அதன்பிறகு அவர் கேட்டது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "புது வீட்டில் பீரோ எந்தச் சுவரில் நிற்கப் போகிறது? கூடத்தைத் தாண்டித்தான் அறைக்குப் போக வேண்டுமா?"

நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் புது வீட்டை வரைந்து காட்டினேன். வாசல், கூடம், இடதுபுறம் சமையலறை, உள்ளே அறை. பார்த்தார். உள் அறைச் சாமான் முதல் நடை, கூடமும் சமையலறையும் இரண்டாம் நடை என்றார். கூடத்துச் சாமான் முதலில் போனால் அது பீரோவுக்கு வழியை மறித்துக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டும். அவர் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் நாங்கள் அங்கே நடமாடுவதை மனத்துக்குள் பார்த்துவிட்டுத்தான் இங்கே ஏற்றும் வரிசையை முடிவு செய்தார்.

எங்கள் சரக்கு நிலையத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். காலிக் கன்டெய்னருக்குள் தனியாகப் போய் நிற்பார். வெளியே வரும்போது அது அவர் மனத்தில் நிரம்பியிருக்கும். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நின்று யோசிப்பார்கள். அவர் யோசித்த பிறகுதான் தூக்குவார். கற்பனை என்றால் கதை எழுதுகிறவர்களுக்கும் ஓவியர்களுக்கும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். தோளில் துண்டு மடித்துப்போட்டுச் சுமை தூக்குகிறவருக்கு அது இல்லாவிட்டால் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் உடையும், அவருடைய விரலும் நசுங்கும்.

'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்று புதன்கிழமையை முடிவு செய்தவள் என் மனைவி. உப்பு, மஞ்சள், துவரம்பருப்பு, சாமி படம், ஒரு குடம் ஆகியவற்றோடு அவளும் மகளும் விடியற்காலை மெட்ரோவில் முன்னால் போய்விட்டார்கள். தியாகராயா கல்லூரி நிலையத்தில் ஏறினால் காலடிப்பேட்டை நான்காவது நிறுத்தம். அங்கே பால் காய்ச்சி முடிக்கவும் இங்கே பீரோ படியில் இறங்கவும் சரியாக இருந்தது. முன்னால் ஒருவர், பின்னால் இருவர், திரும்பும் இடத்தில் மேஸ்திரி. "நிமிர்த்து... நிறுத்து... இப்போது உன் பக்கம் மட்டும்" என்று அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. நான் மூச்சை விட்டது பீரோ தெருவில் நின்ற பிறகுதான்.

குட்டியானையின் தட்டு ஏழு அடிக்குச் சற்று மேல் நீளம், ஐந்து அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அந்த இடத்துக்குள் அவர் செய்ததை நான் ஒரு தொழில்காரனாகச் சொல்ல வேண்டும். கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியாக, எல்லாவற்றுக்கும் அடியில், சக்கர அச்சுக்கு நேர் மேலே வைத்தார். கனமானது கீழே, நடுவே. இரும்பும் மரமும் உரசும் இடத்தில் எல்லாம் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து மடித்துச் செருகினார். நாங்கள் டன்னேஜ் என்று சொல்வதை அவர் 'அணை' என்கிறார். ஃபிரிட்ஜை நிமிர்த்தியே வைத்தார். படுக்க வைக்கலாம் என்று சொன்ன ஆளைத் திட்டினார். கயிற்றை முடிச்சு போட்டு விட்டுவிடாமல், தெருமுனை வரை வண்டியை ஓட்டச் சொல்லி, சாமான் அமுங்கிய பிறகு மறுபடி இழுத்துக் கட்டினார். இந்த இரண்டாம் இழுப்பைப் பெரிய பெரிய கேங்குகளே மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நடை போய் வந்தது. இரண்டாம் நடையும் ஏற்றி முடிந்தது. வீட்டைக் கூட்டிப் பெருக்க உள்ளே போனபோதுதான் பரண் நினைவுக்கு வந்தது. அதன் கதவை நான் அவருக்குத் திறந்தே காட்டவில்லை. உள்ளே சாக்குக்குள் கேரம் பலகை.

29 அங்குல ஆட்டப் பரப்பு, கனத்த சட்டம். 1991இல் என் அண்ணனும் நானும் காசு சேர்த்து வாங்கியது. அந்த ஆண்டுதான் நம் சென்னைக்காரர் மரிய இருதயம் கேரமில் உலகச் சாம்பியன் ஆனார். 1995இல் மறுபடியும் ஆனார். பலகை வாங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. தெருவிளக்கின் கீழே பலகையைப் போட்டு, மாவு பறக்க, இரவு பதினொன்று வரை ஆடுவோம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காய் எங்கே மோதி எங்கே விழும் என்று மனத்துக்குள் கோடு போட்டுப் பார்ப்பேன். அந்தக் கோடுகள் வழியே நான் எங்கெங்கோ போய் வந்திருக்கிறேன், டெல்லி, கொழும்பு வரைக்கும். பிறகு வேலை வந்தது. அண்ணன் வளைகுடா போனார். திரும்பி வந்து ஆவடியில் வீடு கட்டினார். பலகை மட்டும் என்னோடு இருந்தது. ஆடவும் இல்லை, கொடுக்கவும் மனம் இல்லை. 'ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவார், ஆடலாம்' என்று பத்தொன்பது வருடம் பரணில் கிடந்தது.

வண்டி நிறைந்துவிட்டது. கட்டி முடித்த கயிற்றை அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடலாம், விடுங்கள்" என்றேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது. போகிற இடத்துக்கு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போக முடியாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி பலகையைச் சாக்கிலிருந்து வெளியே எடுத்தார். கூட்டத்தில் இளையவன், இருபது வயது இருக்கும், ஆட்டப் பரப்பைக் கையால் துடைத்துப் பார்த்து, "நம் காசிமா ஆடுவதும் இதே அளவுதானே அண்ணா" என்றான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற பெண். புதுவண்ணாரப்பேட்டைக்காரி என்பதால் அவன் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னான். மேஸ்திரி இரண்டு பழைய போர்வையால் பலகையைச் சுற்றினார். வண்டியின் பக்கவாட்டுக்குப் போனார். ஃபிரிட்ஜுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே நான்கு விரல் அகலத்தில் ஒரு சந்து இருந்தது. அதை நான் முன்பே கவனித்து, இங்கே அணை கொடுக்க மறந்துவிட்டாரே என்று மனத்துக்குள் ஒரு குறை எழுதிவைத்திருந்தேன். பலகையை அதில் செங்குத்தாக இறக்கினார். அளந்து தைத்த சட்டைபோல உட்கார்ந்தது.

"பரண் இருக்கிற வீட்டில் கடைசியாக ஏதாவது ஒன்று வரும் அண்ணா. அதற்கு இடம் விட்டுத்தான் கட்டுவேன்" என்றார்.

31 ஆண்டுகளில், கன்டெய்னருக்குள் சரக்கு அடுக்கும் ஸ்டஃபிங் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கண்ணால் காணாத பொருளுக்கு இடம் விட்டு ஏற்றிய ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் மாட்டிக்கொள்ளாமல், திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே போனோம். நான் ஓட்டுநர் பக்கத்தில். டோல்கேட் தாண்டியதும் தலைக்கு மேலே மெட்ரோ போனது. 1717 முதல் 1720 வரை மதராஸின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் காலடிப்பேட்டை. காலெட் பேட்டைதான் நம் வாயில் மருவி இப்படி ஆயிற்று. அந்தக் குடும்பங்கள் தறியை எப்படிக் கொண்டுவந்திருப்பார்கள், கழற்றி மாட்டுவண்டியிலா, தலைச்சுமையாகவா, எந்தக் கட்டையைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். பழைய வீட்டு மொட்டைமாடியிலிருந்து கேட்கும் ரயில் சத்தமும் நினைவில் இருந்தது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் அங்கிருந்து பத்து நிமிட நடை. இந்த வீட்டில் கேட்பது மெட்ரோவின் சத்தம். ரயிலைப்போல ஊதாது, உரசிக்கொண்டு போகும். இன்னும் பழகவில்லை.

இறக்கும் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பீரோ, நான் வரைந்த தாளில் இருந்த சுவரிலேயே நின்றது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, மீன் வாடை. அந்த வண்டி விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து ஐஸ் மீன் ஏற்றிப் போயிருக்கிறது. தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஆனாலும் அடியில் தேங்கிய தண்ணீர் மெத்தையின் ஒரு மூலையில் ஊறிவிட்டது. மொட்டைமாடியில் நான்கு நாள் வெயிலில் போட்டும் முழுதாகப் போகவில்லை. இவ்வளவு யோசிக்கிற மனிதர் வண்டியைக் கழுவ யோசிக்காதது எனக்கு உண்மையிலேயே ஏமாற்றம். இரண்டாவது, ஊறுகாய் ஜாடி. என் அம்மா காலத்துப் பீங்கான். இளையவன் ஒரே நேரத்தில் இரண்டு பெட்டியைத் தூக்கினான். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை. கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. மேஸ்திரி கூலியில் 200 ரூபாயைத் தானே குறைத்துக்கொண்டார். அந்த ஜாடிக்கு 200 ரூபாய் ஈடாகாது என்பதை அவரிடமே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது, ரசீது இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

நான்காவதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் இரண்டு வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம். கட்டிலைப் பூட்டும்போது எட்டு போல்ட்டுகளில் ஒன்றுகூட இல்லை. பொட்டலத்தைத் தேடு தேடு என்று தேடினோம். போனில் கேட்டபோது மேஸ்திரி, "கட்டிலோடுதான் வைத்தோம் அண்ணா" என்றார். நான் நம்பவில்லை. குரலை உயர்த்தினேன். என் தங்கையிடமும் அலுவலகத்தில் இருவரிடமும் அவர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். பன்னிரண்டு நாள் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தோம். பிறகு கட்டில் பலகையைத் துடைக்க என் மகள் திருப்பியபோது, அதன் அடிப்பக்கத்தில், குறுக்குச் சட்டத்தின் மூலையில், எட்டு போல்ட்டும் துணியில் சுற்றிப் பழுப்பு நாடாவால் ஒட்டியிருந்தன. எந்தக் கட்டிலுக்கு எந்த போல்ட் என்று மாறிவிடாமல் இருக்க அதனதன் உடம்பிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். நான் எங்கள் நிலையத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "புது வீட்டில் முதல் மாதம் எல்லாருக்கும் கோபம் வரும்" என்று சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் தவறாகச் சொன்ன மூவரிடமும் திருத்திச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு இந்த எழுத்து.

கணக்கு: ஆளுக்கு 900 வீதம் நால்வருக்கு 3,600. வண்டி நடைக்கு 1,400 வீதம் 2,800. மொத்தம் 6,400. ஜாடிக்காகக் குறைத்தது போக நான் கொடுத்தது 6,200. செவ்வாய் மாலை சொன்ன தொகையில் புதன் மாலை ஒரு ரூபாய் ஏறவில்லை. ஒரே நகருக்குள் மாறுகிறவர்கள் எரிவாயு சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இணைப்பை மட்டும் புதிய முகவருக்கு மாற்றக் கேட்டால் போதும். எங்களுடையதைக் கிரைண்டருக்கு அடுத்து நிமிர்த்திக் கட்டி ஏற்றினார்.

புதிய வீட்டில் கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் பக்கத்துக் காற்று வரும் என்று மூன்று மாதமாக மனத்தில் படம் போட்டுவைத்திருந்தேன். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கைக்கு எட்டும் தூரம். அந்தச் சுவரில் வெயில் பட்டு அறைக்குள் மஞ்சளாகத் திரும்புகிறது. அந்த வெளிச்சத்தில் கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஒரு மூலை லேசாகத் தூக்கியிருக்கிறது. அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "ஸ்டிரைக்கர் என்னிடம்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. அவரும் முப்பது வருடமாக வைத்திருந்திருக்கிறார்.

மேஸ்திரியைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்கு மேல் கல்மண்டபம் போங்கள். அதற்கு முன் காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டிருப்பார். முந்தின நாளே வீட்டுக்கு அழைத்துப் படியைக் காட்டுங்கள், பரண் கதவையும் திறந்து காட்டுங்கள். வண்டியைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.